வம்புக் கண்ணாடி

பாசிர் கூடாங் தொழிற்சாலை வாசல் எனக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தது. தோளில் துணிப்பை, மூக்கில் புதுக் கண்ணாடி, கால்கள் பக்கத்து ஊரான மாசாயை நோக்கி. வேலை போனால் கட்டிலும் போய்விடும், விடுதி தொழிற்சாலையுடையது. அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் அன்று நான் தேடிப் போன மனிதரைப் போல ஒருவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாடிக்கையாளரைத் திட்டித் திட்டியே கண்ணாடி விற்றவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். மாசாய்க்காரர்கள் அவரை ‘வம்புக் கண்ணாடி’ என்பார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

என் வேலையைக் கெடுத்தது என் கண்ணாடிதான். புரோகிரசிவ் லென்ஸ். மேல்பக்கம் தூரத்துக்கு, கீழ்ப்பக்கம் படிப்பதற்கு, நடுவில் கோடே கிடையாது. பத்து பாகாட் ஊரில் ஒரு கடையில் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படிக்க வேண்டுமானால் தாடையை வானத்துக்குத் தூக்க வேண்டும். தூக்காமல் படித்ததில் குளுவாங் பெட்டிகள் குவாந்தானுக்குப் போயின. தூக்கிப் படித்தால் சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் நீட்டும் தாளை, ராஜா மனு வாங்குவது போல நான் வாங்கினேனாம்.

"உனக்கு ரொம்ப மண்ட கனம் லா. வேற எடம் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

ஐம்பதை நெருங்கும் ஒருவனுக்கு எந்த வேலை கொடுத்தாலும் முதலில் ஏதாவது ஒரு சீட்டைப் படிக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி சரியாகாவிட்டால் அடுத்த வேலையும் இப்படித்தான் முடியும்.

மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய கடை. நான் நுழையும்போது ரெங்கம் ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கண்ணாடில என் வீட்டுக்காரரத் திட்டும்போது மட்டுந்தான் எல்லாம் தெளிவா தெரியுது. சும்மா இருந்தா பொக மூட்டமா இருக்கு."

"அப்ப ஏன் சும்மா இருக்கீங்க?" என்றார் வம்புக் கண்ணாடி.

அவர் திட்டுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அளவு எடுக்கிறேன் என்று பேனாவைத் தூக்கினால் போதும், நம் ஆட்கள் ஐசி என்னும் அடையாள அட்டை போட்டோவுக்கு உட்காருவது போல விறைத்துக்கொள்வார்கள். தாடை மேலே, மூச்சு உள்ளே. அந்த நிலையில் கருவிழிக்கு நேரே லென்ஸில் புள்ளி வைத்தால் அது கீழே போய்விடும். அப்புறம் வாழ்நாள் முழுவதும் ஐசி போட்டோ போலவே நின்றுதான் பேப்பர் படிக்க வேண்டும். அதனால் வம்பிழுத்து, ஆள் கொதிக்கும்போது புள்ளி வைப்பார். சில சமயம் கொதிப்பு அளவை மீறிவிடும். அக்கா தாடையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டிச் சண்டைக்கு வந்த நேரத்தில் வைத்த புள்ளி மேலே ஏறிவிட்டது.

"ஒங்கள கொஞ்சம் ஓவரா திட்டிட்டேன்க்கா, அதான்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். முன்பு புள்ளி வைத்த இடத்தைக் காட்ட, லென்ஸில் நம் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருக்குமாம். அதைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே மையால் ஒரு புள்ளி வைத்து எனக்கு மாட்டிவிட்டார். புள்ளி என் கருவிழிக்குக் கீழே தொங்கியது.

"ஐசி போட்டோ" என்றார். "சரி, இப்ப நேரா பாரு. ஒன் மூஞ்சியப் பாத்தா வேல செய்யிற மூஞ்சி மாதிரி தெரியலயே. எங்கருந்து வெரட்டுனாங்க?"

"எந்த எடத்தச் சொல்றதுண்ணே? காலையில ஆரம்பிச்சா மத்தியானம் ஆயிரும்."

"வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. அதையும் எங்கயோ விட்டுட்டு வந்துட்டேன். அது போகட்டும், நீங்க ஏன்ணே சொந்தக் கண்ணாடிய நூலால கட்டியிருக்கீங்க? நல்ல கட யாரும் சொல்லலயா?"

அக்கா சிரித்துவிட்டார். வம்புக் கண்ணாடிக்கு முகம் சிவந்தது. இத்தனை வருடம் ஊரையே திட்டியவரை யாரும் திருப்பித் திட்டியதில்லை போலிருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து மூச்சு விட்டேன்.

"அசையாத" என்றார்.

கோபம் போய்விட்ட குரல். குனிந்து என் கண்ணுக்கு நேரே பார்த்தார். "இதான் லா ஒன் கழுத்து. சண்ட முடிஞ்சு ஒரு மூச்சு விடுறாங்க பாரு, அப்பதான் ஆளு அவனவன் கழுத்துக்குத் திரும்புறான். எனக்கு அது மாட்டுறதே இல்ல. அந்த நேரத்துல நான் இன்னும் கத்திக்கிட்டு இருப்பேன்."

மூக்கில் உட்காரும் இரண்டு பட்டைகளையும் குறட்டால் நெருக்கினார். கண்ணாடி மேலே ஏறியது. புள்ளி கருவிழியில் வந்து உட்கார்ந்தது. மையைத் துடைத்துவிட்டு ஒரு மருந்துப் பெட்டியை நீட்டினார். தாடையைத் தூக்காமல் அடி வரி வரைக்கும் படித்தேன். அக்காவின் பட்டைகளை விரித்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். இனி வீட்டுக்காரரைச் சும்மாவும் பார்க்கலாம் என்றார்.

நான் பையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்க்காமலே, "நாளைக்குக் காலையில வா. சண்டைய நீ போடு, பேனாவ நான் புடிக்கிறேன்" என்றார்.

அன்று பஸ் நிலையத்து பெஞ்சில் படுத்தேன். காலையில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

முதல் ஆளாக வந்தவர் ஒரு கோயில் தலைவர். திருவிழாப் படங்களில் நின்று நின்று தாடை மேலேயே தங்கிவிட்டவர். வம்புக் கண்ணாடி பேனாவோடு அவர் முன்னால் குந்தினார். எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"தலைவரே, போன வருசம் அன்னதானத்துல சாம்பாருக்குள்ள பருப்பத் தேடி ரெண்டு பேரு காணாமப் போயிட்டாங்களாமே?"

தலைவர் தாடையை இறக்கி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். என் பரம்பரை முழுவதும் வந்து போனது. பேசி முடித்து, ஒரு பெருமூச்சு விட்டார். புள்ளி விழுந்தது.

வம்புக் கண்ணாடி பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார். நேராக என்னிடம் வந்து, கொஞ்சம் நழுவியிருந்த என் கண்ணாடியை ஒரு விரலால் மேலே ஏற்றிவிட்டார். அதற்கு மட்டும் அவர் என்னைத் திட்டவில்லை.