திருட்டு டிஸ்க் மேயர்

காசு கொடுத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்குகிற அளவுக்குத் தனக்கு இன்னும் மூளை கெட்டுப்போகவில்லை என்று சர்வேயர் தீர்மானமாக அறிவித்தார். அறிவித்த இடம் சாப்பாட்டு மேஜை. கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அவர் மனைவி ஒருத்திதான். அவளும் பாதி செய்தித்தாளுக்குள் இருந்தாள்.

"நல்லதுங்க. அப்போ விளையாடப் போறதில்ல."

"யார் சொன்னா? விளையாடுவேன். காசு கொடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஆபீஸ்ல தம்பி காப்பி எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

"அதுக்குத் திருட்டுன்னு பேரு."

"நாலு டிஸ்க்கை இன்னும் நாலு டிஸ்க்ல ஏத்தினா திருட்டா? யார் வீட்டுல எது காணாம போச்சு?"

"அப்ப சரி."

கல்யாணமான பதினொரு வருஷத்தில் இந்த "அப்ப சரி"யை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூட அதற்குப் பிறகு எதுவும் சரியாக நடந்ததில்லை. ஆனாலும் மனிதருக்கு உறைக்கவில்லை.

அவர் சொன்ன தம்பி, அதே அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான். முடி மட்டும் வரைபடக்காரருக்கு முன்கூட்டியே விடைபெற்றிருந்தது. அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, சர்வேயரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவார். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பையிலிருந்து நாலு டிஸ்க்கை எடுத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மேஜைக்கடியில் நீட்டினார்.

"பூட்டை உடைச்சாச்சு அண்ணே. அசல்ல, விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் கேள்வி கேக்கும். கூட வர்ற புத்தகத்துல இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தை என்னன்னு. மூணு கேள்வி. புத்தகம் இல்லாதவன் திருடன்னு வெளிய தள்ளிடும். இதுல அந்தக் கேள்வியே கிடையாது."

"பிரமாதம்."

"ஆனா உள்ள இன்னொரு பூட்டு இருக்குன்னு பேசிக்கறாங்க. திருட்டுப் பிரதின்னு தெரிஞ்சா நிறுத்தாதாம். விளையாட விட்டு, மெல்ல மெல்லப் பழிவாங்குமாம். என் ஊர்ல ஆறே வத்திப் போச்சு."

"உனக்கு ஊராளத் தெரியல. அதுக்குப் பூட்டு மேல பழியா?" என்று சொல்லிவிட்டு, சர்வேயர் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது ஊர் கட்டுகிற விளையாட்டு. வெறும் நிலம் கொடுப்பார்கள். சாலை போட்டு, தண்ணீர் விட்டு, வீடு கட்டி, ஜனங்களை வரவழைக்க வேண்டும். விளையாடுகிறவர்தான் மேயர். ஐம்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டால், ஊர் மக்களே நடுச் சதுக்கத்தில் மேயருக்குச் சிலை வைப்பார்கள். அந்தச் சிலை முதலில் யாருக்கு என்று அவருக்கும் வரைபடக்காரருக்கும் போட்டி.

போட்டி ஒரு சாக்குதான். உண்மையிலேயே சர்வேயருக்கு அந்தச் சிலை வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அவருக்கு மேலே மூன்று அதிகாரிகள். வெளியே போனால், நிலம் வைத்திருக்கிற அத்தனை பேரும் அவர் அளவு தப்பு என்பார்கள். வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தத் திரையில் மட்டும்தான் இங்கே சாலை என்றால் சாலை வந்தது. ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிற வரைக்கும் மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. காலையில் போய் இரண்டு மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். இவர் வர ஆறு மணி ஆகும். "கம்ப்யூட்டர் மெஷின் ரொம்ப நாசூக்கு. நீ கை வெச்சிடாதே" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். அவளும் தலையை ஆட்டியிருந்தாள். அது எந்தப் பக்கம் ஆடியது என்று அவர் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம், ஊரில் அவர் கட்டியிருந்த ஸ்டேடியம் காணாமல் போனது.

காணாமல் போனதென்றால், சுத்தமாக. அந்த இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி நின்றுகொண்டிருந்தது. சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் ஆஸ்பத்திரிதான்.

"இங்க வா! ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி முளைச்சிருக்கு."

"நல்லதுதானே. உடம்புக்கு முடியாதவங்க இருப்பாங்க."

"நான் கட்டலையே!"

"யாரோ கட்டியிருக்காங்க."

"யாரு?"

"ஊருன்னா நாலு பேரு இருக்கத்தாங்க செய்வாங்க."

மறுநாள் வரி பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கு மறுநாள், அவர் அளவெடுத்தாற்போல் நேர்க்கோட்டில் போட்ட பெரிய சாலை, தொழிற்சாலையைக் கண்டதும் வெட்கப்பட்டு ஒதுங்கிப் போயிருந்தது. நாலு மனை அகலத்தில் அவர் கட்டியிருந்த மேயர் மாளிகை குடிநீர்த் தொட்டியாகிவிட்டது. சர்வேயர் ஆடிப்போனார். நிலம் அளக்கிற நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு, நடந்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கவில்லை. பழிவாங்கலுக்கும் வார விடுமுறை உண்டு போலிருக்கிறது என்று அதையும் எழுதி வைத்தார்.

நோட்டைப் பார்த்த வரைபடக்காரர் உச்சுக் கொட்டினார். "ஆரம்பிச்சிடுச்சு அண்ணே. ரெண்டாவது பூட்டு."

"பழிவாங்கறதுன்னா ஊரு நாசமாப் போகணும்ல? ஜனத்தொகை ஏறுதே! பதினெட்டாயிரம் இருந்தது, முப்பதாயிரம் ஆயிடுச்சு!"

"கொழுக்க வைக்குது. அப்புறம் ஒரே போடு."

"ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தா பழிவாங்கும்?"

"அதான் அண்ணே நுணுக்கம்."

சர்வேயருக்கு ஒன்றும் புரியவில்லை. கெட்டது நடந்தால் வருத்தப்படலாம், நல்லது நடந்தால் சந்தோஷப்படலாம். தன்னைக் கேட்காமலே நல்லது நடந்தால் என்ன செய்வது? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இவ்வளவு பயமா இருந்தா அசலையே வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி. "திருட்டுன்னாதானே பழிவாங்கும்?"

"காசு கொடுத்தா?"

"சும்மா எடுத்தா அதுவும் திருட்டுதாங்க."

வாங்கினார். என்ன விலை என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்கு நாக்கு எழாது. பெரிய பெட்டி. உள்ளே டிஸ்க்கும் ஒரு தடித்த புத்தகமும். புத்தகத்தின் பக்கமெல்லாம் ரத்தச் சிவப்பு, எழுத்து கறுப்பு. ஜெராக்ஸ் எடுத்தால் முழுக்கக் கறுப்பாகத்தான் வரும். திருடர்களுக்காக அப்படிச் செய்திருக்கிறார்களாம். நாணயஸ்தனான தனக்கும் கண் வலிக்கிறதே என்று சர்வேயர் முணுமுணுத்தார். ஒரு நல்ல காரியம், பழைய ஊரை அப்படியே அசலுக்கு மாற்ற முடிந்தது. மூன்று கேள்விக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் அடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

மனைவி புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"உனக்கு எதுக்கு அது?"

"இவ்வளவு காசு கொடுத்திருக்கு. யாராவது ஒருத்தர் படிக்கட்டுமே."

முதல் வேலையாக ஸ்டேடியத்தைத் திரும்பக் கட்டினார். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், அங்கே பள்ளிக்கூடம். வாசலில் மரம்கூட நட்டிருந்தது.

சர்வேயர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். திருட்டுப் பிரதி பழிவாங்கியது, சரி. ரசீதோடு வாங்கிய அசலுமா? ஒருவேளை பழைய ஊரை மாற்றியபோது பழியும் கூடவே மாறி வந்துவிட்டதா? அல்லது தான் இல்லாத நேரத்தில் மெஷின் தானாகவே எழுந்து உட்கார்ந்து ஊராளுகிறதா? யோசிக்க யோசிக்க, கடைசிக் கேள்விதான் அவருக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. மெஷினை எப்படி அடக்குவது? கையைக் கட்டினால் அடங்கிவிடும். மெஷினுக்குக் கை எது? கீபோர்டு!

மறுநாளிலிருந்து கீபோர்டு அவரோடு வேலைக்குப் போனது. குடை, அளவுச் சங்கிலி, சாப்பாடு, கீபோர்டு. வயலில் பையைத் திறந்தபோது நிலத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார், புதுசா வந்த அளவுக் கருவியா?"

"ஆமா."

"இதுல அளந்தாவது சரியா வருமா?"

அந்த வாரம் முழுக்க ஊர் அவர் சொல்படி கேட்டது. பள்ளிக்கூடத்தை இடித்தார். வரியை ஏற்றினார். வளைந்த சாலையை நிமிர்த்தித் தொழிற்சாலை வாசலிலேயே வீடுகளை வரிசையாக நிறுத்தினார். தீயணைப்பு நிலையம் இருந்த இடத்தில், கடைசியாக, ஸ்டேடியம். அவ்வளவு அழகாக, அவ்வளவு நேராக இருந்தது ஊர். செவ்வாய்க்கிழமை தீப்பிடித்தது. புதன்கிழமை ஜனங்கள் மூட்டையைக் கட்டினார்கள். நாற்பத்தாறாயிரம் பேர் இருந்த ஊரில் வெள்ளிக்கிழமை இருபத்தொன்பதாயிரம் பேர். அவர் கண்ணெதிரே அவருடைய சிலை நகர்ந்து நகர்ந்து தூரப் போய்க்கொண்டிருந்தது. அழுகை வராத குறைதான்.

வீட்டிலும் காற்று சரியில்லை. மனைவி நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் பொழுதே போக மாட்டேங்குது."

"புத்தகம் படியேன்."

"இருக்கிற புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சாச்சுங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் எரிகிறபோது இவளுக்குப் பொழுது போகவில்லையாம்!

சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு முழுக்கவும் உட்கார்ந்து நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் ஒரே விடைதான். பழிவாங்கல் நடந்தால் ஊர் செழிக்கிறது. தான் காப்பாற்றினால் ஊர் சாகிறது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. தெரியாததைக் கும்பிட்டுவிடுவது மேல் என்று திங்கட்கிழமை காலை கீபோர்டைப் பழைய இடத்தில் மாட்டி, "உன் இஷ்டம்ப்பா" என்று மெஷினிடம் பணிவாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் தீயணைப்பு நிலையம் திரும்பி வந்திருந்தது. அந்த வாரம் அவர் எதையும் தொடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஜனத்தொகை நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

"தம்பி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வீட்டுக்கு வா" என்று வரைபடக்காரருக்குப் போன் போட்டார். "சிலை திறப்பு விழா."

வரைபடக்காரர் துவைத்த சட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சர்வேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளையாட்டைத் திறந்தார். திரையில் முதல் கேள்வி வந்தது. இருபத்தொன்றாம் பக்கம், ஆறாவது வரி, மூன்றாவது வார்த்தை.

புத்தகம் இல்லை.

மேஜையில் இல்லை, மேஜைக்கடியில் இல்லை, பெட்டியில் இல்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். வரைபடக்காரரை எழுப்பி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் தூக்கிப் பார்த்தார்.

"கடைசியா எப்போ அண்ணே பார்த்தீங்க?"

"ஒரு வாரமா நான் திறக்கும்போது கேள்வியே வரலையே! சாயங்காலம் வந்தா மெஷின் போட்டபடியே இருக்கும், ஊரும் திறந்தபடியே இருக்கும்."

"திறந்தபடியேவா?"

"அதான் அது பழக்கம்."

வரைபடக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சர்வேயர் குத்துமதிப்பாக "சாலை" என்று அடித்தார். தப்பு. "மேயர்" என்று அடித்தார். தப்பு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருப்பதாகத் திரை எச்சரித்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. விலை கொடுத்து வாங்கிய வீட்டுக்காரனே வாசலில் திருடனாக நிற்கிறான்!

பக்கத்து அறையில் மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "எத்தனாவது பக்கங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இருபத்தொண்ணு. நீ சும்மா இரு."

"வரி?"

"ஆறு. சும்மா இருன்னு சொன்னேன்ல?"

"மூணாவது வார்த்தையா? வடிகால்."

வரைபடக்காரர் எட்டி 'வடிகால்' என்று அடித்தார். சரி. அடுத்த கேள்வி வந்தது.

"எட்டாம் பக்கம், பதினோராவது வரி, ரெண்டாவது வார்த்தை அண்ணி."

"குடிநீர்."

"முப்பத்து மூணு, அஞ்சு, நாலு."

"நெரிசல். அதுல கமாவை விட்டுட்டு எண்ணணும். புத்தகம் என் கைப்பையில இருக்குங்க. எக்ஸ்ரே ரூம்ல ஆள் இல்லாதப்போ படிக்க எடுத்துட்டுப் போனேன்."

ஊர் திறந்துகொண்டது. வரைபடக்காரர் திரையைப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டி இருந்த திசையைப் பார்த்தார், கடைசியில் சர்வேயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. சர்வேயருக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஆஸ்பத்திரி..." என்றார் மெல்ல.

"நான்தாங்க" என்றபடி மனைவி வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடம்?"

"நான்தான்."

"என் மாளிகை!"

"ஊரே தண்ணியில்லாம கிடந்தது. உங்களுக்கு நாலு மனையில மாளிகையா? மத்தியானம் பூரா நான் கட்டுவேன், சாயங்காலம் வந்து நீங்க இடிப்பீங்க. மறுநாள் மறுபடியும் முதல்ல இருந்து. நடுவுல ஒரு வாரம் கீபோர்டை வேற தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பழிவாங்கல்னு நம்பி, நோட்டெல்லாம் போட்டு எழுதிட்டிருந்தீங்க. சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

வரைபடக்காரர் மரியாதையாக எழுந்து நாற்காலியை அண்ணியின் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்து குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிறுத்தம் வைத்தாள். எண் ஓடியது. ஐம்பதாயிரத்து மூன்று. வாண வேடிக்கை வெடித்தது. மக்கள் தங்கள் மேயருக்குச் சிலை வைக்க விரும்புவதாகவும், மேயரின் பெயர் வேண்டும் என்றும் திரை கேட்டது.

"அண்ணி பேரைப் போடுங்க" என்றார் வரைபடக்காரர். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நாலு மாசமாகச் சர்வேயர் ஆசைப்பட்ட சிலை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மனைவி அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கே பாவமாக இருந்தது.

"முகத்தைத் தொங்கப் போடாதீங்க. உங்க பேரையே போடறேன்."

சர்வேயர் சட்டென்று திரும்பினார். "நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க" என்று அடித்துக்கொண்டே சொன்னாள் அவள். "சிலையா இருந்தா எதையும் இடிக்காம நிப்பீங்கல்ல?"