தழும்பா, தணலா

அன்புள்ள மாமாவுக்கு,

கண்டியிலிருந்து திலக்ஷன். கடுகண்ணாவையில் மழையும் மாமியின் முழங்கால் வலியும் விட்டிருக்கும் என நம்புகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது இன்னும் முடிவாகவில்லை.

"நுரையீரல் வருத்தம் கூடிருக்கா, கொறைஞ்சிருக்கா? ஒத்தை வார்த்தையில சொல்லுடா" என்று போனில் கேட்டீர்கள். முடியவில்லை. அதனால் கடிதம்.

ஸ்கேன் படத்தில் அதே புள்ளிகள். இரத்தத்தில் ஒரு நொதியை அளக்கிறார்கள், சார்கொய்டோசிஸ் என்கிற இந்த நுரையீரல் வருத்தம் விழித்திருந்தால் அது ஏறுமாம், எனக்கு அடிமட்டத்தில் கிடக்கிறது. டாக்டர் படத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படத்துல தழும்பும் தணலும் ஒரே மாதிரித்தான் தெரியும். ரத்தம் அணைஞ்சிருச்சுங்குது. வேற குளிசை ஏதும் எடுக்கிறீங்களா?" இல்லை என்றேன். "அப்ப செவ்வாய்க்கிழமையிலேருந்து ஸ்டீரொய்டைக் கொஞ்சங்கொஞ்சமா நிப்பாட்டுவோம்." மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுப் படியில் பாதியிலேயே மூச்சு நிற்கிறது. வறட்டு இருமல். கதிரையிலிருந்து எழுந்தால் உலகம் ஒரு கணம் பின்தங்கி வருகிறது. இதைத் தத்துவம் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

அப்பாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. முகம் வட்டமாகிவிட்டது. பத்து மணிக்குள் மூன்று முறை சாப்பிடுகிறார். அலுமாரியை நகர்த்தி அடியில் கூட்டுகிறார். பிரஷர் மட்டும் ஏறுகிறது, அவருடைய கிளினிக்கில் குளிசையை இரட்டிப்பாக்கினார்கள், அன்றிலிருந்து கூரையில் ஏறி ஓடு மாற்றுகிறார். "அவருக்கு வயசு திரும்புது, ஒனக்குப் போகுது" என்கிறார் அம்மா. வீட்டில் ஒழுங்கு அம்மாவிடம்தான். கிளினிக்கில் தரும் கடதாசி உறை ஈரத்தில் ஊறும் என்று குளிசைகளை ஜாம் போத்தல்களில் போட்டு வைக்கிறார். எனக்குப் பச்சை மூடி, அப்பாவுக்குச் சிவப்பு.

மாமிக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும். பதில் போடுங்கள், ஒத்தை வார்த்தையானாலும் சரி.

இப்படிக்கு,
திலக்ஷன்

பி.கு.: மேலே உள்ளதை நம்ப வேண்டாம். உறையை ஒட்டும்போது இருமினேன். தண்ணீர் கொண்டுவந்த அம்மா, "போத்தல் கழுவினப்ப மூடி மாறிருச்சோ என்னமோ, அப்பவே ஒரு சந்தேகம்" என்றார். அப்போது என்பது மூன்று மாதத்துக்கு முன். நான் விழுங்கியது அப்பாவின் பிரஷர் குளிசை. அவர் விழுங்கியது என் ஸ்டீரொய்ட், வட்ட முகமும் பசியும் அது தந்ததுதான். பாமசியில் விசாரித்தேன். பிரஷர் குளிசை அந்த நொதியைத்தான் அமுக்குமாம். இரத்தம் அணையவில்லை, நாங்கள் அதன் வாயைப் பொத்தியிருக்கிறோம். தத்துவமும் பிரஷர் இறங்கியதுதான். டாக்டர் நிப்பாட்டப் போகும் குளிசையை நான் எப்போதோ நிப்பாட்டிவிட்டேன். செவ்வாய் வரை பொறுக்காமல் நாளை காலையே நானும் அப்பாவும் கிளினிக்குக்குப் போகிறோம். அப்பாதான் போத்தலைத் தர மறுக்கிறார்.

"வருத்தம் ஒனக்குன்னாலும் கொணம் எனக்குல்ல தெரியுது."