குயினைன் தீர்த்தம்

மதுரை, வடக்காவணி மூல வீதி,
ஈசுவர வருஷம், கார்த்திகை மாதம்.

பூஜ்யரான அத்திம்பேர் வெங்கட்ரமணய்யர் அவர்களுக்கு, மைத்துனன் ஹாலாஸ்யம் விழுந்து சேவித்து எழுதுவது. இவ்விடம் என் இரண்டு காதுகளைத் தவிர மற்றெல்லாரும் சௌக்கியம். அவ்விடம் அக்காவின் முழங்கால் சௌக்கியத்துக்கு எழுதவும்.

தாங்கள் பார்த்துச் சொன்ன டாக்டர் பையன் பட்டாபிராமன் மகா கோபக்காரன் என்று யாரோ சொல்லப்போக, என் பெண் சாவித்திரி, "அப்படின்னா எனக்கு வேண்டாம்ப்பா" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். சரி, பெண் பார்க்க அவர்கள் வருவதற்குள் அவன் குணத்தை நானே மறைவாக ஆராய்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு குக்கிராமத்தில் மலேரியாக் காய்ச்சல் கண்ட ஜனங்களுக்கு அவன் இலவச வைத்தியம் செய்யப் போகிறான், தொண்டர்கள் தேவை என்று கேள்விப்பட்டு, ஒரு கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னாரென்று சொல்லாமல் சேர்ந்துகொண்டேன். மூன்றாம் பாரம் தாண்டாதவனுக்கு வைத்தியம் எதற்கு என்று தாங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், இன்னும் இருக்கிறது.

பஸ்ஸை விட்டிறங்கிக் கட்டை வண்டியில் போனோம். குயினைன் மருந்து ஜாடியை என் மடியில் வைத்தார்கள். மருந்தளக்கும் கண்ணாடித் தம்ளர்மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். சில்லுகள் எங்கே போயின என்பதைப் பெரியவர்களுக்கு எழுதக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் கோபம் வருமே! அந்தக் கோபத்தைப் பார்க்கத்தான் வந்தோம் என்பதைப் பயத்தில் மறந்து, சந்தியாவந்தனத்துக்குக் கொண்டுபோயிருந்த பஞ்சபாத்திரத்தில் மருந்தை ஊற்றி, அதிலிருந்த உத்தரணிக் கரண்டியால் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் வந்த ஒச்சாயி உத்தரணியைக் கண்டதும் பயபக்தியோடு கையைக் குழித்து நீட்டினாள். நானும் பழக்க தோஷத்தில் மூன்று சொட்டு விட்டேன். உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள். அவ்வளவுதான்! டாக்டர் முன் நின்ற கூட்டமெல்லாம் என் பக்கம் திரும்பிற்று. உக்கிரபாண்டி என்பவர் கன்றுக்குட்டியோடு வந்தார்.

"சாமி, கன்னுக்கும் ரெண்டு சொட்டு விடுங்க, பால் குடிக்க மாட்டேங்குது."

"மொதல்ல மனுசரு வாங்கட்டும், தள்ளி நில்லுய்யா!" என்றாள் ஒச்சாயி.

"அது சரி, எந்தக் கோயில் தீர்த்தம் சாமி, இம்புட்டுக் கசப்பு?" என்றார் உக்கிரபாண்டி, ஒரு சொட்டை நக்கிப் பார்த்துவிட்டு.

"கசந்தாத்தேன் சக்தி. வாய மூடு!"

டாக்டர் எழுந்து வந்தான். இதோ கோபம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவனோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "மாமா, இது குயினைன். தலையில தேய்ச்சா பேனுக்குத்தான் காய்ச்சல் விடும்!" என்றான். தீர்த்தமில்லை, இங்கிலீஷ் மருந்து என்று தெரிந்ததும் ஜனங்கள் பயந்து பின்வாங்கினார்கள். "மொதல்ல சாமி குடிக்கட்டும்" என்றார் உக்கிரபாண்டி. "குடியுங்கோ மாமா" என்றான் டாக்டர். குடித்தேன். அடுத்தவளும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம். குடித்தேன். இப்படியே ஆளுக்கு ஒரு மடக்காகக் குடித்து, பொட்டல் நடுவில் எனக்கு மட்டும் கோயில் மணி கேட்க ஆரம்பித்தது. குயினைன் அதிகமானால் காதில் அப்படித்தான் மணி அடிக்குமாம்; இன்னும் நிற்கவில்லை.

பையன் தங்கம், அத்திம்பேரே. கோபம் மருந்துக்கும் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்து, இந்தக் கோமாளிதான் மாமனாரா என்று அவன் திரும்பிப் போனால் சாவித்திரி மனசு என்ன ஆகும்? ஆகையால் ஜாதகம் பொருந்தவில்லை என்று தாங்களே எழுதி நிறுத்திவிடவும். இப்பேர்ப்பட்ட பையனை நானே கெடுத்துக்கொண்டேனே என்பதுதான் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், கசப்பில்லாமல்.

இப்படிக்கு,
ஹாலாஸ்யம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன் பட்டாபிராமனும் அவன் தாயாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். நான் கொல்லைக்கு ஓடினேன். "அப்பா கிணத்தடியில ஒளிஞ்சிண்டிருக்கார்" என்று சாவித்திரியே காட்டிக்கொடுத்தாள். பெண் வீட்டாரை ஆராய அந்த அம்மாளும் மாதக்கணக்காகக் கோயிலில் என் பின்னாலேயே நின்றாளாம். பையனுக்கும் தூரத்திலிருந்து என்னைக் காட்டியிருக்கிறாள். நான் வண்டி ஏறும்போதே அவனுக்குத் தெரியுமாம்! அத்தனை மடக்கும் தெரிந்தேதான் கொடுத்தானாம். "மாமாவுக்குக் கோபம் வருமான்னு பார்த்தேன்" என்கிறான். கதவுக்குப் பின்னாலிருந்து சாவித்திரி சிரித்த சிரிப்பு என் காது மணியையும் மீறிக் கேட்டது. "ஒரு கரண்டி கஷாயத்துக்கு ஊரையே கூட்டற அப்பாவை ஒரு ஜாடி குடிக்க வச்சிருக்கார். சரின்னு எழுதிடுங்கோப்பா." எழுதிவிட்டேன். ஜாதகம் பிரமாதமாகப் பொருந்துகிறது. தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கவும்.