மேற்கே ஒரு பரஸ்தானம்

மழைக்கு ஈசல் கிளம்புவதுபோல, எங்கள் திண்டுக்கல்லில் சித்திரை வெயிலுக்கு ஒரு வகை மனிதர் கிளம்புவார். மலைப் பயணத் திட்டக்காரர் என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். மலை ஏறுகிறவர் வேறு, இவர் வேறு, தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். மலை ஏறுகிறவர் விடிகாலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். சிறுமலையிலிருந்து வாழைக்குலை சுமந்து இறங்குகிறவர்களெல்லாம் அந்த ரகம். அவர்களுக்குத் திட்டம் கிடையாது. நம்முடையவருக்கு மலை கிடையாது.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் ஊருக்குள் அனலை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், காபி கிளப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேஜையைப் பாருங்கள். அங்கே ஒருவர் பழுப்புக் காகிதம் ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரைப் பாரமாக வைத்து, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். டம்ளர் நாலும் மற்றவர்கள் குடித்து முடித்தவை. அவருடைய காபி ஆறிப்போய்த் தரையில் இருக்கும். வாயைத் திறந்தால் 'ஒருவேளை' என்ற சொல்தான் முதலில் வரும்.

அந்த 'ஒருவேளை' இருக்கிறதே, அதை வைத்துத்தான் அவர் பிழைப்பே நடக்கிறது. ஒருவேளை மழை வந்தால்? தார்ப்பாய். ஒருவேளை அட்டை கடித்தால்? புகையிலையும் சுண்ணாம்பும். ஒருவேளை யானை வந்தால்? தட்டிச் சத்தம் போட ஒரு தகர டப்பா. அது நசுங்கிப்போனால் இன்னொன்று. ஒருவேளை போகிற வழியில் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டால்? ஆளுக்கொரு சரிகை வேட்டி. நடுக்காட்டில் நமக்கு யார் ஐயா பத்திரிகை வைக்கப்போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்பார். உங்களால் பதில் சொல்ல முடியுமா? ஒருவேளை கூடாரத்துக்குத் திருடன் வந்தால் என்ற கேள்விக்கு, திண்டுக்கல்காரராயிற்றே, நல்ல கனமான பூட்டு ஒன்றும் பட்டியலில் சேர்ந்தது. துணிக் கூடாரத்தில் பூட்டை எங்கே மாட்டுவது என்பதற்காக மட்டும் தனியாக ஒரு கூட்டம் போட்டோம்.

'போட்டோம்' என்று கை தவறி எழுதிவிட்டேன். மறைத்து என்ன பயன்? ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம் அந்த மின்விசிறிக்குக் கீழே நானும் உட்கார்ந்திருந்தேன். கடைவீதியில் சின்ன அச்சாபீஸ் வைத்திருக்கிறவன் நான். என்னைப் பிடித்து உட்காரவைத்தவர் நாச்சிமுத்து வாத்தியார். பூகோளம் சொல்லிக்கொடுப்பவர், இமயமலைச் சிகரங்களை அடிக்கணக்கு பிசகாமல் ஒப்பிப்பார், இந்த ஊரில் பிறந்து நாற்பத்தாறு வருஷமாகியும் மலைக்கோட்டைப் படியில் கால் வைத்ததில்லை. அவருடைய திட்டம், வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் வரை பஸ், அங்கே கும்பக்கரையிலிருந்து பழைய குதிரைப் பாதையில் கொடைக்கானலுக்கு நாலு நாள் நடை. அதற்கு நிகழ்ச்சி நிரல் ஒன்றை என் அச்சாபீசிலேயே இருபத்தைந்து பிரதி அடிக்கச் சொன்னார். போகிறவர்கள் மூன்று பேர். நிரலில் 'காலை 7.10: இயற்கை ரசித்தல், 7.25: ரசித்தல் முடிவு' என்று இருந்தது. நான் சிரித்தேன். ஆனால் அடித்துக் கொடுத்தேன்.

மூன்றாவது ஆள் அருளப்பன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு இது பொழுதுபோக்கு, அவருக்கு அப்படியல்ல. பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கிடங்கில் பதினெட்டு வருஷமாக எழுத்து வேலை. உப்பும் சுண்ணாம்பும் பச்சைத் தோலுமாகக் கலந்த அந்த வாடை அவர் சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, கடைசியில் மூக்குக்குள்ளேயே குடி வந்துவிட்டது. மனைவி ஆனந்தமேரி மல்லிகை வைத்துக்கொண்டு எதிரே வந்தாலும் தோல்தான் மணக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார், அதுவும் யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல மெதுவாக. கிடங்கு முதலாளி ராவுத்தர் தம் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த சந்தோஷத்தில் அவருக்கு எட்டு நாள் லீவு கொடுத்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் லீவு. வெள்ளியிலிருந்து வெள்ளி வரை. சனிக்கிழமை காலையில் திரும்பக் கிடங்கில் நிற்க வேண்டும்.

"மலைக் காத்துல தோல் வாடை இருக்காதுல்ல சார்?" என்று கேட்டார் வாத்தியாரிடம். "ஒரே ஒரு மூச்சு அதை இழுத்துட்டு வந்தாப் போதும் எனக்கு."

வாத்தியார் அதையும் குறித்துக்கொண்டார். நிரலில் இரண்டாம் நாள் மாலை 4.40க்கு 'அருளப்பன்: மூச்சு' என்று சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்ப முடியாது, மேற்கே சூலம். அருளப்பன் தயங்கித் தயங்கி, தனக்குச் சூலமெல்லாம் கிடையாதே, தான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனாயிற்றே என்று சொல்லிப் பார்த்தார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ வேதக்காரன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சூலத்துக்குத் தெரியுமா?"

ஆனால் அதற்கும் வழி இருக்கிறது என்றார். பரஸ்தானம். உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கிளம்ப வேண்டிய நாளில் கிளம்பத் தோதில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயண மூட்டையைப் போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அந்த நேரத்திலேயே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு மூன்று நாளைக்குள் ஆள் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அப்படி வைத்த மூட்டையை வீட்டுக்குத் திருப்பவும் கூடாது, நடுவில் பிரிக்கவும் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலமே எங்கள் மூன்று மூட்டைகளும் இரண்டு தெரு மேற்கே, இட்லிக் கடை பழனியம்மாள் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கிளம்பியாகிவிட்டது என்று வாத்தியார் கையைத் தட்டினார். மூவரும் அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம்.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை சூலமில்லை, ஆனால் முதல்நாள் வாத்தியார் ஒத்திகையாகப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றியதில் செருப்பு கடித்துவிட்டது. குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, காலை நாற்காலிமேல் வைத்து, எவரெஸ்டு ஏறியவர்களுக்கும் இப்படியெல்லாம் வரத்தான் செய்தது என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல் அவருக்கே. ஞாயிறு மறுபடி மேற்கே சூலம், அதோடு மூன்று நாள் கெடுவும் முடிந்தது. மூட்டையை வீட்டுக்குத் திருப்பவும் முடியாதே? அதனால் இன்னும் மேற்கே தள்ளி வைப்பது என்று தீர்மானித்தார். ஞாயிற்றுக்கிழமை சூலமாயிற்றே என்றேன். சூலம் ஆளுக்குத்தான், மூட்டைக்கு இல்லையாம். மூட்டைகள் பஸ் கூரையில் ஏறி வத்தலக்குண்டில் அவருடைய மச்சினன் சங்கிலி வீட்டுக்குப் போயின. சங்கிலி லாரி ஓட்டுகிறவர். கொடைக்கானல் போகிற சாமான், பத்திரம், பிரிக்காதே என்று வாத்தியார் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்.

இந்த இடத்தில் அருளப்பனை நினைத்துப் பாருங்கள். நல்ல சட்டை, துண்டு, கடன் வாங்கிய கம்பளிச் சட்டை எல்லாம் மூட்டைக்குள். மிச்சமிருந்தது கிடங்குக்குப் போட்டுப்போகிற சட்டை ஒன்றுதான். லீவெடுத்தும் அந்த வாடையைப் போட்டுக்கொண்டே தினமும் காலையில் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

திங்கள்கிழமை சகலமும் கூடி வந்த மாதிரி இருந்தது. எட்டு மணிக்குப் பஸ். ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். அடுத்த பஸ் பதினொன்றுக்கு, அது எமகண்டம். இரண்டு மணி பஸ் குளிகையில் விழுந்தது. குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்று சாஸ்திரம், அதனால் அந்த நேரத்தில் கிளம்பினால் திரும்பத் திரும்பக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று பயந்தார் வாத்தியார். ஒரு தடவைகூடக் கிளம்பாதவருக்கு இந்தப் பயம்! செவ்வாய்க்கிழமை கரிநாள். அவர் மனைவி ஒச்சம்மாள் ஒரு வாரமாக வறுத்து இடித்த கட்டுச்சோற்றுப் பொடியைத் தினமும் ஒரு பிடி எடுத்து வீட்டுச் சோற்றிலேயே பிசைந்து போட்டுவிட்டு, 'இன்னைக்கு எந்த மலையில சாப்புடுறீக?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சங்கிலியிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. லாரிக்காரர் நம்மைப்போல் யோசிக்கிறவர் அல்லர். சீட்டில் கொடைக்கானல் என்று எழுதியிருந்தது. அவர் லாரியும் காய்கறி ஏற்றக் கொடைக்கானலுக்குத்தான் போயிற்று. மூட்டைகளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், மேலே ஒரு காய்கறிக் கொட்டகையில் பத்திரமாக இறக்கிவிட்டு வந்துவிட்டார். நான் தலையில் கை வைத்தேன். வாத்தியாரோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அத்தனை சந்தோஷம். பயணத்தில் கஷ்டமான பாகம் முடிந்துவிட்டது என்றார். பழுப்புக் காகிதத்தில் கொடைக்கானல்மேல் நீலப் பென்சிலால் ஒரு கொடி வரைந்தார்.

வியாழக்கிழமை அருளப்பன் முதல்முறையாக ஒரு திட்டம் சொன்னார். லீவில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பஸ் ஏறினால் சாயங்காலம் மேலே. ராத்தங்கிவிட்டு மறுநாள் இறங்கிவிடலாம். வாத்தியார் பென்சிலின் நீல முனையால் காகிதத்தைத் தட்டினார்.

"பஸ்ஸுல போனா அதுக்குப் பேரு நடைப்பயணமா, அப்பு? நடந்துதான் போகணும். நடக்கணும்னா தார்ப்பாய் வேணும், அடுப்பு வேணும், கைத்தடி வேணும். அம்புட்டும் மேல இருக்கு. மேல போய் அதை எடுத்துட்டு வந்து, அப்புறம் நடந்து மேல போவோம்."

அருளப்பன் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'கிளம்பும் ஐயா, நான் வருகிறேன்' என்று எழுந்திருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே பஸ்ஸில் இருந்திருப்பார். நானோ வாத்தியாரின் வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். மகா புத்திசாலி நான்! வியாழன் அதிலேயே போயிற்று. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். சனிக்கிழமை காலை ஏழரைக்கு அருளப்பன் கிடங்குக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கிலி மூட்டைகளைக் கீழே கொண்டுவந்து என் அச்சாபீஸ் வாசலில் இறக்கினார். நாலைந்து நாள் அவை மேலே பனியில் நனைந்து, கொட்டகையில் தைல மரத்து இலைச் சருகுமேல் கிடந்திருக்கின்றன. வாத்தியார் வந்து கூடாரப் பூட்டைச் சரிபார்த்தார், பத்திரமாக இருந்தது. அருளப்பன் தம் மூட்டையை அவிழ்த்தார். கம்பளிச் சட்டையை வெளியே எடுத்தவர் அப்படியே அசையாமல் நின்றார். பிறகு அதை இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். தோள் ஏறி இறங்கியது. அச்சு இயந்திரத்தை நான் நிறுத்திவிட்டேன். எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. முகத்தை எடுத்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், இதைத் தொவைக்க வேணாம்னு ஆனந்தமேரிகிட்டச் சொல்லிரணும்" என்றார்.

வாத்தியார் நிகழ்ச்சி நிரலை எடுத்து, 4.40க்கு நேரே ஒரு 'சரி' போட்டார். மூட்டைதான் நல்லபடியாகப் போய் வந்துவிட்டதே, இனி அடுத்த வருஷம் ஆள் மட்டும் போய் வந்தால் போதும் என்றும் சொன்னார்.

இந்த வாத்தியாரைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் படிக்கிற உங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மலைக்குத்தான் என்றில்லை, பேசாமல் விட்டுவைத்திருக்கும் ஒருவரிடம் பேசுவதற்கு, பூட்டி வைத்திருக்கும் ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பதற்கு, 'கட்டாயம் வாரோம்' என்று வாக்குக் கொடுத்த வீட்டுக்குப் போவதற்கு, நீங்களும் நல்ல நேரம் பார்த்து எதையோ எங்கேயோ வைத்துவிட்டு, கிளம்பியாகிவிட்டது என்று வீட்டில் படுத்திருக்கிறீர்களா இல்லையா? இல்லை என்றால் நல்லது. இருந்தால், கூட வருவதற்காக உங்கள் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அவர்களுடைய லீவு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும்.