எறும்புத்தின்னியின் பெயர் ஒரு வரிக்குள் அடங்காத கதை

ஒரு காட்டில், எல்லா ஊரையும் போல அங்கேயும் அலுவலகம் முளைத்துவிட்ட பிறகு, கோமதிநாயகம் என்றொரு கீரி வேலை பார்த்து வந்தது. பாம்பு பிடிக்கிற வேலையெல்லாம் அதன் தாத்தா காலத்தோடு போயிற்று. கோமதிநாயகம் வளை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் கணினிப் பிரிவு. மழைக்காலத்துக்கு எந்தப் பிராணிக்கு எந்த வளை என்ற விவரம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு மூடி, பின்னால் ஒரு மூடி போட்டு அடுக்கிய டப்பாக்கள். அதை மென்பொருளில் போட்டு, பிடிஎஃப் பட்டியலாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று சேர்ந்த அன்று அதுவும் நம்பியது, பாவம்.

வளைகளுக்குக் காவல் ஒரு கரடி. கரடி யார் முகத்தையும் பார்க்காது, பட்டியலைத்தான் பார்க்கும். பட்டியலில் ஒரு வரி என்றால் ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு வளை. அதற்குமேல் யோசிக்கக் கரடிக்குச் சம்பளம் இல்லை.

அந்த வருஷம் ஒரு காலையில், வாலில் குட்டியைச் சுமந்துகொண்டு எறும்புத்தின்னி கவுன்டருக்கு வந்தது.

"சார், கரடியண்ணன் உள்ள விட மாட்டேங்குறாரு. லிஸ்ட்ல என் பேரு முழுசா இல்லியாம்."

கீரி பட்டியலை எடுத்துப் பார்த்தது. பெயருக்கான கட்டம் குறுகல். நீளமான தமிழ்ச் சொல்லை எந்த இடத்தில் மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுபோவது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. 'எறும்புத்தி' வரை அச்சாகி, மிச்சம் தாளின் ஓரத்தில் விழுந்து காணாமல் போயிருந்தது.

"'எறும்புத்தி'ன்னு ஒரு பிராணி இந்தக் காட்டுலயே கெடையாதுன்னு சொல்றாரு சார். மூணு நாள்ல மழை வந்துரும். குட்டிக்குச் செதில் இன்னும் கெட்டிப்படல."

"நகம் இவ்வளவு நல்லா இருக்கே. நீங்களே ஒண்ணு தோண்டிக்கலாமேம்மா?"

"தோண்டுனேன் சார். ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க."

கேட்டிருக்க வேண்டாம் என்று கீரிக்கு இருந்தது. "நாளைக்குள்ள சரி பண்ணிடறேம்மா" என்று வாக்குக் கொடுத்தது.

கோப்பைத் திறந்து பார்த்தால், இது எந்த மொழி என்றே யாரும் குறிப்பிடவில்லை. கீரி மொழிக் குறிப்பைச் சேர்த்தது, நீளச் சொல்லை மடக்கும் மடிப்பு வசதியை முடுக்கிவிட்டது. மறுநாள் பட்டியலில் முதல் வரியில் 'எறும்பு' என்று வந்து ஒரு சிறுகோடு விழுந்தது. அடுத்த வரியில் 'த்தின்னி'. கரடி முதல் வரியைப் படித்தது, கூப்பிட்டது. நாற்பதாயிரம் எறும்புகள் வரிசையாக வந்து வளைக்குள் குடியேறிவிட்டன.

"சரி, த்தின்னி யாரு?" என்றது கரடி.

"நான்தாங்க."

"மெய்யெழுத்துல ஆரம்பிக்கிற ஆளை இந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்ல. போம்மா."

கீரி மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டது. எடுத்த ஆந்தை, "அணைச்சுட்டு ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றது. பார்த்தாயிற்று. தமிழுக்கான மடிப்பு விதிகள் அடங்கிய கோப்பு ஒன்றைக் கீரி எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் போட்டது. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றியது. முயல் மட்டும் நன்றாக வந்தது. அதற்குப் பெயரே மூன்றெழுத்து, எப்போதும் நன்றாகத்தான் வரும்.

இரண்டாம் நாள் சாயங்காலம், கண் எரிய எரிய அந்தப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் கோமதிநாயகத்துக்கு உறைத்தது. பெயருக்கான கட்டம் ஏன் மூன்று விரல் அகலம்? தாளில் முக்கால்வாசியைப் புலி ராஜாவின் படம் அடைத்துக்கொண்டிருந்தது. பட்டியல் வந்த நாள் முதலாக அந்தப் படம் அங்கேதான் சிரித்துக்கொண்டிருந்தது. தினமும் பார்த்தும் கீரி பார்க்கவில்லை.

கண்காணிப்பாளர் மயிலிடம் போய்ச் சொன்னது. மயில் தோகையை மடக்கிக்கொண்டது.

"அது எங்க எல்லாருக்கும் தெரியும்யா. அதுல மட்டும் கை வைக்காதே."

கீரிக்கு வந்ததே கோபம். நேரே அரண்மனைக்குப் போய், "மகாராஜா, உங்க படத்தை ரெண்டு விரல் சுருக்கினா ஒரு தாயும் புள்ளையும் நனையாம இருப்பாங்க" என்று சொல்லிவிட்டது.

புலி கோபப்படவில்லை. அதன் கண் கலங்கிவிட்டது.

"என் பக்கத்துல நெருக்கியடிச்சு நின்னு ஒரு பிராணி பேரு ஒடஞ்சு போகுதா? இத்தனை நாளா இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல? வேண்டாம்ப்பா, அவங்களைக் கஷ்டப்படுத்தாதே. பேரையெல்லாம் எடுத்துடு."

அன்றே ஆணை வந்தது. பெயருக்கான கட்டம் நீங்கியது. படம் தாள் முழுக்கப் பரவியது. பட்டனைத் தட்டியதும், பிழை எதுவும் இல்லை என்று திரையில் பச்சை டிக் விழுந்தது. வேலையில் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் கோமதிநாயகம் பார்த்த முதல் பச்சை டிக். ஒரு நிமிஷம் அதற்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கரடி புதுப் பட்டியலைப் பார்த்தது. அதில் இருந்தது ஒரே ஒரு ஆள். எறும்புகளை வெளியே தள்ளிவிட்டு, நாற்பத்திரண்டு வளைகளையும் புலியின் பேரில் பூட்டியது. தலைகூட நுழையாத வளைகள் எனக்கு எதற்கு என்று புலி கேட்டதாகத் தகவல் இல்லை. அலுவலகத்தில் கீரிக்குப் பாராட்டு விழா நடந்தது. மயில் சால்வை போர்த்தியது.

விழா முடிகிற நேரத்தில் எறும்புத்தின்னி சொட்டச் சொட்ட நனைந்து கவுன்டருக்கு வந்தது.

"சார், என் பேரு என்ன ஆச்சு?"

கீரியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இனிமே உங்க பேரு ஒடையவே ஒடையாதும்மா" என்றது.

"ரொம்ப நன்றி சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, எறும்புத்தின்னி வெளியே போய்க் குட்டியை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டு, மழையில் படுத்துக்கொண்டது.

நீதி: பட்டியலில் இல்லாத பெயரில் எவனாலும் பிழை கண்டுபிடிக்க முடியாது.