காஜா பெராங் ஏரியில் கதிரவன் வேட்டை

வாழ்க, பெட்டிக் கேமராப் பெருந்தகை! வாழ்க, சுண்ணக்கட்டித்தூள் படிந்த செங்கையினள், ஒன்றாம் வகுப்பு வானரப்படையை ஒற்றைப் பார்வையால் அடக்கியாளும் கோகிலா டீச்சர்! மெர்டேக்கா என்னும் விடுதலை முழக்கம் இன்னும் காதில் ரீங்கரித்த அந்த டிசம்பரில், மழை நிரம்பித் ததும்பிய மலாக்காவின் காஜா பெராங் ஏரிமேல் மறையும் செங்கதிரோனைப் படச்சுருளில் சிறைபிடிக்கப் புறப்பட்ட அவ்வீராங்கனையின் புகழைப் பாடுகிறோம். ஏரிக்கரைக் கொசுக்களே, சற்றே அடங்குங்கள்!

போர் மூண்ட காரணம் இது. ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஸ்டூடியோ நடத்திய ஒளிப்படச் சக்கரவர்த்தி தம்பிராஜா, அவள் கழுவக் கொடுத்த படங்களைப் புரட்டிவிட்டு, வாடிக்கையாளர் நிறைந்த பேரவையிலே திருவாய் மலர்ந்தார்: "டீச்சர், இந்த டப்பாவுல சூரியனெல்லாம் விழாது. பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு எடுங்க, போதும்."

சினம் அவள் மூக்குத்தியில் தீப்பொறியாய்த் தெறித்தது. "நான் எடுத்துட்டு வந்தா உங்க கடைக் கண்ணாடியில மாட்டுவீங்களா அண்ணே?"

"மாட்டுறேன்! ஆனா அதே சூரியன நான் முந்தி எடுத்துருவேன்!"

அன்றுமுதல் மாலைதோறும் ஏரிக்கரை செருக்களமாயிற்று. கருமுகில் யானைப்படை அணியணியாய் வந்து, அந்திச் சூரியனை விழுங்கி, இருவர் தலையிலும் பாரபட்சமின்றி நீரைக் கொட்டிச் சென்றது. குடைகள் புறங்காட்டின, செருப்புகள் சேற்றில் வீரமரணம் எய்தின, படச்சுருளை மேகங்களே தின்று தீர்க்க, கோகிலாவின் சுருளில் எஞ்சியது இன்னும் ஒரே ஒரு படம் எடுக்கும் இடம்.

பிறகொரு மாலை மழை ஓய்ந்தது, வானம் பிளந்தது, கனிந்த ரம்புத்தான் பழமாய்ச் சிவந்து இறங்கினான் கதிரவன். கரையெங்கும் சேறு. கால்வைக்கத் தக்கதோ நீருக்குள் நீண்டு வீழ்ந்துகிடந்த தென்னைமரம் ஒன்றே. அதன் அடிமரத்தைக் கோகிலா கைப்பற்றினாள். அவளை முந்த எண்ணிய சக்கரவர்த்தியோ, மூன்றுகால் ஸ்டாண்டை வேலென ஏந்தி, யானை மத்தகத்தின்மேல் ஏறும் மன்னனென நுனிமரம் நோக்கி நடந்து, பாசியில் கால்வைத்து, வழுக்கி, கொக்குகள் குலைநடுங்கிப் பறக்க, ஏரி இரண்டாய்ப் பிளக்க, வீழ்ந்தார்!

வீழ்ந்தவர் எழுந்தார். நெஞ்சளவு நீரில், பாசியே மகுடமாக, கேமராவை மட்டும் நனையாமல் இரு கைகளாலும் உயர்த்தி, சரியாக அவளுக்கும் சூரியனுக்கும் நடுவே!

"ஐயோ அண்ணே, கையக் குடுங்க!"

"என்னை விடுங்க டீச்சர்! சூரியன் போவுது, எடுங்க!"

"அப்ப நகருங்கண்ணே!"

"கால் சேத்துல மாட்டிக்கிச்சும்மா! பரவால்ல, என்னையும் சேத்து எடுங்க!"

மலாக்கா மண் அதுவரை கேட்டிராத அப்பிரகடனத்தைக் கேட்டு, பகையெல்லாம் கரைந்து, அடிவயிற்றிலிருந்து பொங்கிய சிரிப்பைப் பல்லால் கடித்து, பெட்டிக் கேமராவை நெஞ்சோடு அணைத்து நிறுத்தி, விசையைத் தட்டினாள் வீராங்கனை. அதன்பின் அவரைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள். இருவரும் கரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கதிரவனையே ஒளிவட்டமாகச் சூடி, ஆயுதம் உயர்த்தி, அலைநடுவே நிற்கும் முகம் தெரியாத கரிய மாவீரன் ஒருவனின் அப்படத்தைத் தம்பிராஜாவே தம் திருக்கரங்களால் கழுவி, பெரிதாக்கி, சட்டமிட்டு, அடியில் "எடுத்தவர்: கோகிலா டீச்சர்" எனப் பொறித்துத் தம் கடைக் கண்ணாடியில் மாட்ட, கிளேபாங்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் மாந்தர் திரண்டு வந்து வியந்து, யார் இந்த வீரன், யார் இந்த வீரன் என்று வினவ, அவர் விடைபகர வாய் திறந்தார்.

தும்மல்தான் வந்தது.