ஃபார்மலினில் கரைந்த மைத்துனர்

குத்துக்கல்வலசை,
வியாழக்கிழமை.

ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியரும் என் ஒரே மைத்துனருமான செந்தில்வேல் அவர்களுக்கு, அத்தான் சிவசைலம் எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் சுகம், கண்கள் நீங்கலாக. அவ்விடம் நீரும் தங்கச்சி மீனாவும் சுகமாயிருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டுகிறேன். போனில் பேசினால் நீர் வகுப்பெடுப்பீர் என்பதால் கடிதம்.

உம் மணிவிழாவுக்குப் பரிசாக, உம் அக்காள் லோகநாயகி மூன்று மாதமாகக் கரிக்குச்சியால் உம் முகத்தை வரைந்துகொண்டிருந்தாள். ரகசியம்தான், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? குற்றாலத்தில் சாரல் பிடித்ததும் வீடெல்லாம் ஈரம். விரல் பட்டால் உம் மூக்கு கன்னத்துக்குப் போய்விடுகிறது. அவளுக்கு ஓவியம் சொல்லித்தரும் சின்னப் பிள்ளை மெஹர் பானு, “ஃபிக்ஸேடிவ் அடிச்சிருங்க ஆச்சி, கரி தாள்ல நின்னுக்கிடும்” என்றது. படித்தவரைக் கேட்போமே என்று உமக்குப் போன் போட்டேன். எதற்கு என்று நீர் கேட்கவேயில்லை. “ஃபிக்ஸேடிவ்னா அத்தான், உசுரு போன நிமிசத்துல செல்லு எப்படி இருந்துச்சோ, அப்படியே அழுகாம நிறுத்தி வைக்குத மருந்து. ஃபார்மலின்தான் பெஸ்ட்டு” என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் தவளையின் ஈரலைப் பற்றிப் பேசினீர். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உம் பழைய மாணவன் தளவாய் குருபக்தியோடு ஒரு பாட்டில் கொடுத்தான். “எந்த உசுருக்கு சார்?” என்றான். “உங்க வாத்தியாருக்குத்தான்” என்றேன்.

லோகா கோயிலுக்குப் போன சமயம், அவளுக்கு உதவுவோம் என்ற கெட்ட புத்தியில், செடிக்கு மருந்தடிக்கும் குப்பியில் ஊற்றி உம் முகத்தில் அடித்தேன். அதில் பெரும்பாலும் தண்ணீராம். உம் புருவம் மீசையாயிற்று, மீசை தாடியாயிற்று, தாடி மேசையில் சொட்டியது. தவளை ஈரலுக்கு வாய்த்த யோகம் உமக்கில்லை. நெடியேறி என் கண்ணில் நீர் கொட்ட, திரும்பி வந்த லோகாவும் பார்த்து அழ, பக்கத்து வீட்டு முருகம்மாள் எட்டிப் பார்த்தாள். நடுவில் உம் படம், முன்னால் அழும் இருவர். “ஏட்டி லோகா, ஒன் தம்பிக்கா இப்படி ஆச்சு!” என்று உள்ளே வந்தவளுக்கும் கண்ணீர். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு இருமல்தான் வந்தது. ஐந்து நிமிடத்தில் தெருவே அழுதது. பிச்சைமணி அண்ணாச்சி மாலையோடு வந்து, “இத்தன பேரு கண்ணீர் விடுதாங்கன்னா, என்ன மனுசன்யா!” என்றார். உம்மிடம் படித்தவர் எவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சன்னலைத் திறந்த பிறகுதான் நீர் மதுரையில் உயிரோடிருப்பதைச் சொல்ல முடிந்தது. சிலருக்கு ஏமாற்றம்தான்.

லோகா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. காப்பி மட்டும் ‘டொக்’கென்று மேசைக்கு வருகிறது. உம் நெற்றித் தழும்பை வரைய மட்டும் அவள் ஒரு வாரம் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான்; கரைத்தவனும் நான். அக்காளுக்குப் போன் போட்டுச் சமாதானம் சொல்லும். தவளை வேண்டாம்.

நீர் நூறாண்டு அழுகாமல் வாழ ஆசீர்வதிக்கும்,
சிவசைலம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் லோகா படித்துவிட்டுச் சிரித்தாள். அசல் படம் மெஹர் பானு வீட்டில் கண்ணாடி போட்டுப் பத்திரமாக இருக்கிறதாம். ஓவியக்காரர்களின் ஃபிக்ஸேடிவ் வெறும் பிசின் கலந்த ஸ்பிரேயாம், உயிரோடிருப்பவர்களுக்கு அதுதானாம். நான் கரைத்தது பழக வரைந்ததாம். அன்று அழுததும் நெடியாலாம். “பொறவு ஏன்ட்டி மூணு நாளா பேசல?” என்றேன். “வீடு அமைதியா இருந்துச்சு, கெடுப்பானேன்னுதான்” என்கிறாள். ஆகவே போன் போட வேண்டாம்.